சொல்வது பாவமில்லை: யூதப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி வாசகர் கேள்வி - பதில்

லண்டன், நியூயார்க், இஸ்ரேல் என்று பல இடங்களில் யூதக் குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகி வேலை செய்யும் வாசகர்கள் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். கட்டுக்கோப்பான சமயச் சூழலில் வளரும் குழந்தைக்கு, பாலியல் அத்துமீறலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எப்படிச் சொல்லித்தருவது? பெரும்பாலான கேள்விகள் ஹரேதிகள் எனப்படும் தீவிர வைதீக யூதர்களின் வீடுகளையும் பள்ளிகளையும் பற்றியவை. பதில்களும் அந்தச் சூழலை வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: வைதீக யூதக் குழந்தைகளின் மழலையர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு 4 வயது. உடலுறுப்புகளைப் பெயர் சொல்லிப் பேசுவதே வீடுகளில் வழக்கமில்லை. ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ படங்களைக் காட்டினால் பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, லண்டன்)

கோஷரிலிருந்து தொடங்குங்கள். அந்த 4 வயதுக் குழந்தையிடம் வெளியாள் ஒருவர் மிட்டாய் நீட்டினால் அது உடனே வாயில் போட்டுக்கொள்ளாது. இது கோஷர்தானா, சமய உணவு விதிப்படி சாப்பிடக்கூடியதுதானா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடும். கொடுப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் சரி, அதை மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. ஆக, பெரியவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லவும், பெற்றோரிடம் ஓடிவந்து கேட்கவும் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது. ‘வாய்க்குள் போவதைப் பற்றிக் கேட்கிறாய் அல்லவா? உன் உடம்பை யாராவது தொட்டாலும், தொடச் சொன்னாலும் அதே மாதிரி வந்து கேள்’ என்று அந்தப் பழக்கத்தை நீட்டிவிட்டால் போதும். குழந்தைக்குப் புரிகிறது, பெற்றோருக்கும் அது அந்நியமாகப் படுவதில்லை.

எந்த இடம் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மற்ற பள்ளிகளில் சொல்வதுபோல் ‘நீச்சலுடை மூடும் இடம்’ என்றால் இங்கே குழப்பம்தான் வரும். இந்தக் குடும்பங்களில் பெண் குழந்தையின் நீச்சலுடை முழங்கை, முழங்கால் வரை இருக்கலாம். ‘உள்ளாடை மூடும் இடங்கள், அதோடு வாய்’ என்று சொல்லுங்கள். அந்த இடங்களுக்கு ஒரு பெயரும் வேண்டும். வீட்டில் பேசும் இத்திஷ் மொழிச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே சொல்லாக, நாளைக்கு மருத்துவரிடமோ போலீஸிடமோ சொன்னால் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும். ‘அங்கே’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த குழந்தையின் வாக்குமூலம் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

‘கெட்ட தொடுதல்’ என்ற வகைப்பாட்டை நாங்கள் பயன்படுத்துவதில்லை. அத்துமீறுபவர் முதலில் வலிக்கச் செய்வதில்லை. கிச்சுகிச்சு, மடியில் உட்காரவைப்பது, பரிசு என்றுதான் தொடங்குகிறார். வலிக்கவில்லை, அப்படியானால் இது கெட்டதில்லை என்று குழந்தை முடிவு செய்துவிடும். குழந்தையை உணர்ச்சியை வைத்து முடிவெடுக்கச் சொல்லாமல் விதியைக் கொடுங்கள்: அந்த இடங்களைக் கழுவிவிட அம்மா அப்பா தொடலாம், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது மருத்துவர் தொடலாம், வேறு யார் தொட்டாலும், யாருடையதைத் தொடச் சொன்னாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

ரகசியத்துக்கும் இப்படி ஒரு விதி உண்டு. பாஸ்கா பண்டிகை இரவில் அஃபிகோமன் என்ற ரொட்டித் துண்டை ஒளித்துவைத்து விளையாடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது அன்றிரவே எல்லோருக்கும் தெரியப்போகிற ரகசியம், அதனால் சரி. ‘எப்போதும் யாரிடமும் சொல்லாதே’ என்ற ரகசியம் எதுவானாலும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

பெற்றோரின் வருத்தத்துக்கு வழி ஒன்றுதான். வகுப்பில் என்ன வாக்கியங்களைச் சொல்லப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புங்கள். மேலே உபாகமம் 4:15-ஐ எழுதுங்கள். உங்களை மிகவும் காத்துக்கொள்ளுங்கள் என்ற அந்தக் கட்டளையை உடலைப் பேணும் கடமையாகவே அவர்கள் படிக்கிறார்கள்.

கேள்வி: 8 வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் எதையோ சொல்ல வந்தான். ‘பெயரைச் சொன்னால் லஷோன் ஹரா ஆகிவிடும்’ என்று பாதியில் நிறுத்திவிட்டான். என்ன செய்வது? (ஆசிரியை, நியூயார்க்)

லஷோன் ஹரா என்பது பிறரைப் பற்றித் தீதாகப் பேசும் பாவம். உண்மையாகவே இருந்தாலும் பேசக் கூடாது என்பதுதான் அந்த விதியின் கடுமை. 3 வயதிலிருந்தே பாட்டாகவும் கதையாகவும் சொல்லிக்கொடுக்கப்படுவது. நல்ல விதிதான். ஆனால் விலக்கு இல்லாமல் விதியை மட்டும் கற்ற குழந்தையின் வாயை அத்துமீறுபவர் அதைக் கொண்டே அடைத்துவிடுகிறார்.

விலக்கு விதிக்குள்ளேயே இருக்கிறது. லேவியராகமம் 19:16-ன் முதல் பாதி, மக்களிடையே கோள் சொல்லித் திரியாதே என்கிறது. அதே வசனத்தின் மறுபாதி, பிறனுடைய இரத்தம் சிந்தப்படும்போது பார்த்துக்கொண்டு நிற்காதே என்கிறது. இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். லஷோன் ஹரா விதிகளை 1873-ல் தொகுத்து வெளியிட்ட ரப்பி (யூத மதகுரு) இஸ்ரேல் மேயர் ககானும், தீங்கைத் தடுக்கும் நன்மைக்காகப் பேசுவது அனுமதிக்கப்பட்டது என்று நிபந்தனைகளோடு எழுதியிருக்கிறார். ‘தோஎலெத்’ என்று அதற்குப் பெயர். நிபந்தனைகளைப் பார்ப்பது பெரியவர்களின் வேலை. குழந்தை தனக்கு நடந்ததைத் தன்னைக் காப்பவரிடம் சொல்வதற்கு எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள்.

குழந்தையிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்: ‘யாரையாவது மாட்டிவிடுவதற்காகப் பேசுவது லஷோன் ஹரா. உனக்கோ இன்னொரு பிள்ளைக்கோ உதவி கிடைப்பதற்காகப் பேசுவது மிட்ஸ்வா.’ மிட்ஸ்வா என்றால் இறைக்கட்டளையான நற்செயல். பாவம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் மிட்ஸ்வா என்றும் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளின் மனதில் அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு. லஷோன் ஹரா பற்றி வகுப்பெடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியமும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் வந்து பேசும் பாதுகாப்புப் பயிற்சியாளர் மட்டும் சொன்னால் குழந்தை ரப்பி சொன்னதைத்தான் நம்பும். எனவே விலக்கையும் ரப்பியே சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுவனை இப்போது துருவ வேண்டாம். நாளைக்கு அவன் மதிக்கும் பெரியவர் ஒருவர் வகுப்பு முழுவதற்கும் இதைச் சொல்லட்டும். அதன் பிறகு அவன் உங்களைத் தேடிவர வசதியாக, தனிமையில்லாத ஆனால் மற்றவர் காதில் விழாத ஓரிடத்தில் இருங்கள். அதற்குள் அவன் சொன்ன அரைகுறைச் சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். நியூயார்க்கில் ஆசிரியர்கள் சட்டப்படி புகார் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். நியாயமான சந்தேகம் எழுந்த உடனேயே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். உறுதியான பின் சொல்லலாம் என்று காத்திருப்பது சட்டத்துக்கு உடன்பாடில்லை.

கேள்வி: அடக்கமான உடை, நடத்தை என்று அழுத்திச் சொல்லி வளர்க்கப்படும் பெண் குழந்தை, தனக்கு நடந்ததைத் தன் பாவமாக நினைக்காதா? (சமூகப்பணி மாணவி)

நினைக்கும். ட்ஸ்னியுத் எனப்படும் அடக்க விதிகளை ‘நீ மூடிக்கொண்டால் தப்பு நடக்காது’ என்று காரணம் காட்டிக் கற்பித்தால், தப்பு நடந்த அன்று அந்தக் குழந்தை தன் உடையைத்தான் நினைத்துப் பார்க்கும். உடை விதியையும் பாதுகாப்பையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். அந்தரங்கம் என்பது அந்தக் குழந்தைக்குரிய உரிமை; அதை இன்னொருவர் மீறினால் பாவம் மீறியவருடையது.

கட்டாயத்துக்கு உள்ளானவர்மீது குற்றமில்லை என்பது தல்மூத் என்ற யூதச் சட்ட நூலின் தெளிவான விதி. அதற்கு அடிப்படை உபாகமம் 22:26: அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் செய்யாதே, அவள்மேல் பாவமில்லை. ஆனால் இந்தப் பகுதியைக் குழந்தையிடம் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டாம். இரண்டு வசனம் முன்னால், ஊருக்குள் இருந்தும் கூக்குரலிடாதவளைப் பற்றிய பேச்சு வருகிறது. அச்சத்தில் உடல் உறைந்து குரல் எழும்பாமல் போவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது அதுதான். அதனால்தான் ‘கத்து, ஓடு’ என்று மட்டும் கற்பிப்பதும் ஆபத்தாகிறது. கத்த முடியாமல்போன குழந்தை, தன்னால்தான் எல்லாம் என்று வாயை மூடிக்கொள்ளும். ‘கத்தலாம், ஓடலாம். முடியாமல் போனாலும் உன்மேல் தவறில்லை. பிறகு எப்போது சொன்னாலும் கேட்போம்’ என்று அந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: பெற்றோரையும் குருவையும் மதிப்பது பத்துக் கட்டளை அளவுக்குப் பெரிய விஷயம். மறுக்கக் கற்றுக்கொடுத்தால் அதோடு மோதாதா? (வாசகர், நியூயார்க்)

மோதாது. 1565-ல் அச்சான ஷுல்ஹான் அரூஹ் என்ற சட்டத் தொகுப்பு, தோரா என்ற வேதச் சட்டத்தை மீறும்படி தந்தையே சொன்னாலும் மகன் கேட்கக் கூடாது என்கிறது (யோரே தேயா 240:15). தந்தைக்கே இப்படி என்றால் ஆசிரியருக்கும் முகாம் பொறுப்பாளருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சின்ன விஷயங்களில் பழக்குங்கள்: மாமாவை முத்தமிட விருப்பமில்லை என்று குழந்தை சொன்னால் தலையசைத்து ‘ஷபாத் ஷாலோம்’ என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னால் போதும் என்று விட்டுவிடுங்கள்.

மதிப்புக்குரியவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்ற எண்ணத்தைப் பெற்றோரும் விட வேண்டும். ஆபத்து ஆண்களிடமிருந்து மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். மெல்பர்னில் வைதீகப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர் மால்கா லைஃபர். 2008-ல் புகார் எழுந்ததும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். 2021-ல்தான் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 2023-ல் மாணவிகளிடம் அத்துமீறிய குற்றத்துக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

கேள்வி: ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்ற யிஹுத் விதி இருக்கும்போது இவ்வளவு பயம் எதற்கு? எந்த இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்? (வாசகர், இஸ்ரேல்)

யிஹுத் நல்ல வேலி. பெண் குழந்தைக்கு 3 வயதிலிருந்தும் ஆண் குழந்தைக்கு 9 வயதிலிருந்தும் பொருந்துகிறது. ஆனால் பையனோடு ஆண் தனித்திருப்பதையும் சிறுமியோடு பெண் தனித்திருப்பதையும் அது நேரடியாகத் தடுப்பதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு நேர்பவை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன. ஷுல்ஹான் அரூஹே, நெறி தளர்ந்த காலத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணுடன் தனித்திருப்பதையும் தவிர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது (எவென் ஹாஎஸெர் 24:1). அதைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே விதியாக்கலாம்: ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் இருக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது கதவில் கண்ணாடி இருக்க வேண்டும். 13 வயதில் பார் மிட்ஸ்வா வரும். அதற்குமுன் மாதக்கணக்கில் தனி ஆசிரியர் வருவார். பாடம் சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும்.

மிக்வே என்ற சடங்குக் குளியல் தொட்டிக்குச் சில சமூகங்களில் சிறுவர்களும் போகிறார்கள். அங்கே எல்லோரும் ஆடையின்றி இருப்பார்கள். மகன் தந்தையோடு மட்டும் போக வேண்டும். அண்ணன் நண்பனோடு அனுப்பக் கூடாது. தண்ணீர்ப் படி வரை துண்டு இடுப்பில் இருக்கட்டும். வேறு யாரும் சோப்புப் போட்டுவிடவோ, துவட்டிவிடவோ, பேச்சுக்கொடுத்து நிறுத்திவைக்கவோ கூடாது. வெள்ளி பிற்பகலிலும் யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளுக்கு முந்தைய நாளிலும் நெரிசலில் தந்தையின் கண் தப்பிவிடும்; அந்த நேரங்களில் சிறுவர்களை அழைத்துப் போகாதிருப்பதே நல்லது.

நாங்கள் அதிகம் கவலைப்படும் நேரம் சனிக்கிழமை பிற்பகல். மதியச் சாப்பாடு முடிந்து பெற்றோர் தூங்குவார்கள், பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் விளையாடுவார்கள். ஷபாத் என்ற ஓய்வுநாள் என்பதால் தொலைபேசி கிடையாது, கார் கிடையாது. விசேஷ வீடுகளில் விருந்தினர்களையும் பிள்ளைகளையும் பக்கத்து வீடுகளுக்குத் தூங்க அனுப்புவதும் ஷபாத்தில்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் நடந்தே போய்ச் சேரக்கூடிய மூன்று வீடுகளைக் காட்டிவையுங்கள். அதில் ஒன்றாவது சொந்தக்காரர் அல்லாதவர் வீடாக இருக்கட்டும். ‘நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பலாம், திட்ட மாட்டோம்’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பூரிம் பண்டிகையிலும் சிம்ஹாத் தோரா இரவிலும் பெரியவர்கள் குடித்திருப்பார்கள். அன்றைக்குப் பண்டம் கொடுக்கப் போகும் பிள்ளைகள் இரண்டு பேராகப் போய், வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கோடைக்கால உறைவிட முகாம்களில் சேர்க்கும்முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இரவில் படுக்கை அறையில் எத்தனை பொறுப்பாளர்கள்? தனியாக ஒரு பிள்ளையை வெளியே அழைத்துப்போக அனுமதி உண்டா? பிள்ளை வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் யார் நிற்பார்? புகார் வந்தால் முதலில் யாருக்குத் தெரிவிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘எங்கள் நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ளும்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள்.

கேள்வி: குழந்தை சொல்லிவிட்டது. அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்? (செவிலியர், லண்டன்)

முகம் மாறக் கூடாது. அம்மா அழுதால், நாம்தான் அழவைத்தோம் என்று குழந்தை சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். மூன்று வாக்கியம் போதும்: ‘சொன்னது நல்லது. உன்மேல் தவறில்லை. உன்னைக் காக்க இதை இன்னும் சிலரிடம் சொல்வேன்.’ யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது.

‘பிறகு என்ன ஆச்சு?’ என்பதற்கு மேல் கேட்க வேண்டாம். ‘அவர் இங்கே தொட்டாரா?’ என்று நீங்களே சொற்களைக் கொடுத்தால், பின்னால் நீதிமன்றத்தில் அது குழந்தையின் சொல் இல்லை என்றாகிவிடும். அம்மா, பாட்டி, தலைமையாசிரியர், ரப்பி என்று ஆளுக்கொருமுறை சொல்லவைப்பதுதான் இந்தச் சமூகங்களில் வழக்குகளைக் கெடுக்கும் ஒரு காரணம். இஸ்ரேலில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பயிற்சிபெற்ற சிறார் விசாரணையாளர்தான் விசாரிக்க வேண்டும் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் இன்னொரு சிக்கல். ஷபாத்துக்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டி உடை மாற்றித் துவைத்துப்போடுவது வழக்கம். தடயம் அத்தோடு போய்விடும். குளிப்பாட்டாதீர்கள். வயதுக்கு வராத குழந்தைகளிடம் தடயம் உடம்பைவிட உள்ளாடையிலும் படுக்கை விரிப்பிலும்தான் அதிகம் கிடைக்கிறது. அவற்றைத் துவைக்காமல், தனித்தனிக் காகிதப் பைகளில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் அதுதான் கெடு. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. பெரும்பாலான பரிசோதனைகளில் காயம் தெரிவதில்லை.

ஷபாத்தாக இருந்தாலும் தொலைபேசியை எடுக்கலாம், காரில் போகலாம். உயிர்காப்பு ஓய்வுநாளை விலக்கிவிடும். அந்த நேரத்தில் விரைபவனைப் புகழ வேண்டும், அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்று ஷுல்ஹான் அரூஹ் சொல்கிறது (ஓராஹ் ஹாயிம் 328:2).

கேள்வி: முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த வீட்டுப் பேத்தி என்னிடம் ஒன்று சொன்னாள். குடும்பம் ‘முதலில் ரப்பியிடம் கேட்போம்’ என்கிறது. (வாசகி, இஸ்ரேல்)

சட்டம் உங்களையும் சேர்த்தே பேசுகிறது. 1989-ல் இஸ்ரேலின் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, குழந்தைக்குப் பொறுப்பான ஒருவரே அதற்குத் தீங்கு செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், அதை அறிந்த எவரும் நலத்துறை அதிகாரிக்கோ போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும். தவறினால் 3 மாதம் வரை சிறை. ஆசிரியர், மருத்துவர் போன்றோருக்கு 6 மாதம் வரை. நலத்துறை உதவி எண் 118, போலீஸ் 100, இணையவழித் தொல்லைக்கு 105.

யூதரை யூதரல்லாத ஆட்சியிடம் காட்டிக்கொடுப்பதை மெசிரா என்று தடைசெய்யும் பழைய விதியைச் சிலர் குறுக்கே நிறுத்துவார்கள். ஹரேதி உலகின் பெரும் சட்ட வல்லுநராக மதிக்கப்பட்ட ரப்பி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், நியாயமான ஆதாரம் தென்பட்டால் அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம் என்று 2004-ல் எழுதிக்கொடுத்தார். அந்த ஆதாரம் போதுமா என்பதை ரப்பியிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்காவின் அகுதாத் இஸ்ரேல் அமைப்பு 2011-ல் ரப்பியைக் கலந்துகொள்ளச் சொன்னது. அமெரிக்க ரப்பிகள் மன்றம் தாமதமின்றித் தெரிவிப்பது சமயக் கடமை என்றது. எங்கள் நிலைப்பாடு இரண்டாவது. ரப்பிக்குத் தடயம் எடுக்கவோ குழந்தையை விசாரிக்கவோ பயிற்சி கிடையாது. அவரிடம் போய்வரும் நாட்களில் தகவல் குற்றவாளிக்குப் போய்விடுகிறது. அதிகாரிகளுக்குத் தெரிவித்தபின் ஆறுதலுக்கும் வழிகாட்டலுக்கும் ரப்பியிடம் போகட்டும். புரூக்ளினிலோ லண்டனிலோ ஷோம்ரிம் என்ற தெருக்காவல் தொண்டர்களை அழைப்பதும் புகார் ஆகாது.

கேள்வி: வெளியே தெரிந்தால் அக்கா தங்கைகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகிறார்களே?

அஞ்சுவது உண்மையான காரணத்தோடுதான். ஷிதுக் எனும் வரன் பேச்சில் குடும்பத்தின் ஒவ்வொரு செய்தியும் விசாரிக்கப்படும். அதனால் ரகசியம் எங்கே காக்கப்படும் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்: பாலியல் வழக்குகளில் குழந்தையின் பெயரை வெளியிடுவதை இங்கிலாந்திலும் இஸ்ரேலிலும் சட்டம் தடுக்கிறது. பெயர் கசிவது பெரும்பாலும் உறவினர், அண்டை வீட்டார் வழியாகத்தான். எனவே தெரிய வேண்டியவர்கள் பட்டியலைச் சுருக்குங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எத்தனை முறை சொல்லித்தர வேண்டும்? ஒரு பட்டறை போதாதா?

போதாது, சில வாரங்களில் மறந்துவிடும். ஐந்து நிமிடப் பேச்சாக, நடித்துப் பார்க்கும் பயிற்சியோடு, பூரிமுக்கு முன், கோடை முகாமுக்கு முன், புதிய ஆசிரியர் வரும்போது என்று திருப்பிச் சொல்லுங்கள். முகாமிலிருந்து திரும்பிய முதல் வாரத்தில் ‘யாராவது ஏதாவது செய்தார்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். ‘அங்கே உனக்குப் பிடிக்காத பெரியவர் யார், ஏன்?’ என்று கேளுங்கள். பதில் முடியும்வரை குறுக்கிடாதீர்கள்.